நகராட்சிக்கு மேலே இருப்பவர்கள் என்ன உதவி செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குப்பை அள்ளவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை வழிகிறது என்றால் நாம் முதலில் பிடிப்பது வார்டு கவுன்சிலரைத்தான். அவர் "ஃபண்டு இல்லீங்க" என்று கையை விரிப்பார். அந்த ஃபண்டு எங்கிருந்து வர வேண்டும், எங்கே நிற்கிறது, கோட்டையில் இருப்பவர்களும் டெல்லியில் இருப்பவர்களும் உருப்படியாக என்ன செய்ய முடியும் என்பதைத் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துப் பார்ப்போம். இங்கே பேசுவது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகியவற்றைப் பற்றி மட்டும். கிராம ஊராட்சிகளின் கதை வேறு.

எங்கள் ஊர் பேரூராட்சி. எங்களுக்கு மேலே யார் யார் இருக்கிறார்கள்?

ஊரில் தலைவர், கவுன்சிலர்கள், செயல் அலுவலர். அதற்கு மேல் மாவட்ட அளவில் ஒரு உதவி இயக்குநர், சென்னையில் பேரூராட்சிகளுக்கான தலைமை அலுவலகம், அதற்கும் மேல் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை. நகராட்சியாக இருந்தால் நடுவில் மண்டல இயக்குநர் வருவார். டெல்லியில் வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம். பணத்தைப் பங்கிடுவதற்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படும் நிதிக்குழுக்கள், மாநிலத்துக்கு ஒன்று, மத்தியில் ஒன்று.

2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் இருந்தன. பிறகு திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி, புதுக்கோட்டை ஆகியவை மாநகராட்சியாகி எண்ணிக்கை 25 ஆனது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் இயற்றப்பட்டது 1998-ல். விதிகளோடு சேர்ந்து முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில். கால் நூற்றாண்டு! மேல் அரசு செய்யக்கூடிய முதல் உதவி, தான் போட்ட சட்டத்தைத் தானே கிடப்பில் போடாமல் இருப்பது என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் வந்த பிறகு நகராட்சிகள் சுயாட்சி அமைப்புகள்தானே? மேலே இருப்பவர்களின் உதவி எதற்கு?

அந்தத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு, மாநில நிதிக்குழு ஆகியவை கட்டாயம் என்றது. ஆனால் அதிகாரத்தைப் பொறுத்தவரை அப்படிச் சொல்லவில்லை. 12-வது அட்டவணையில் நகரமைப்பு, சாலை, குடிநீர், பொதுச் சுகாதாரம், குப்பை, தெருவிளக்கு என்று 18 பணிகள் இருக்கின்றன. அவற்றை மாநிலச் சட்டமன்றம் நகராட்சிகளுக்கு "வழங்கலாம்". வழங்கியே தீர வேண்டும் என்று இல்லை. மாநிலங்களும் அவரவர் விருப்பப்படி கொஞ்சம் கொடுத்து, நிறைய வைத்துக்கொண்டன.

குடிநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணைப்படி அது நகராட்சியின் வேலை. சென்னையிலோ 1978-ல் தொடங்கிய குடிநீர் வாரியத்தின் வேலை; மேயருக்குக் கீழே வராது. மற்ற ஊர்களில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பெரும்பாலும் 1971-ல் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கட்டுகிறது, ஊருக்குத் தண்ணீரை மொத்தமாகக் கொடுக்கிறது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் சனம் குடத்தோடு வந்து நிற்பது மட்டும் நகராட்சி அலுவலக வாசலில். 18 மாநிலங்களின் நகராட்சிகளைத் தணிக்கை செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2024-ல் சொன்னதும் இதேதான்: 18 பணிகளில் சராசரியாக 4 மட்டுமே முழுத் தன்னாட்சியோடு கைமாறியிருக்கின்றன.

சரி, ஒரு நகராட்சிக்குப் பணம் எந்தெந்த வழியில் வருகிறது?

முதலில் சொந்த வருமானம். சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, கட்டட அனுமதிக் கட்டணம், சந்தை, பேருந்து நிலையக் குத்தகை. ஊர் பெரிதாக, கடைவீதி செழிப்பாக இருந்தால் இது தேறும். நான்கு தெரு, ஒரு வாரச்சந்தை என்று இருக்கும் பேரூராட்சிக்குச் சம்பளத்துக்கே பற்றாது.

இரண்டாவது, நிலம் விற்கும்போது வருவது. பத்திரப் பதிவுக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை கட்டுகிறோம் அல்லவா? அதில் 5 சதவீதம்தான் மாநில அரசின் தீர்வை. மீதி 2 சதவீதம் சொத்து மாற்றத்துக்கான மேல்வரி, உள்ளாட்சிக்கு உரியது. பலருக்கும் இது தெரியாது. பணம் முதலில் பதிவுத்துறை வழியாக அரசுக் கணக்குக்குப் போய், பிறகுதான் ஊருக்குத் திரும்புகிறது. உதவி என்று சொன்னாலும் இது உதவி இல்லை. ஊரின் காசை ஊருக்குத் தாமதமில்லாமல் அனுப்புவது, அவ்வளவுதான்.

மூன்றாவது, மாநில நிதிக்குழு சொல்லும் பகிர்வு நிதி. தமிழ்நாடு அரசு தன் சொந்த வரி வருவாயில் நிகரமாக 10 சதவீதத்தை ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகள் எல்லாவற்றுக்குமாகப் பங்கிடுகிறது. சிறிய ஊர்களின் மூச்சே இதில்தான் இருக்கிறது. ஆனால் அறிவித்த தொகை அப்படியே கைக்கு வரும் என்று நினைக்க வேண்டாம். பொதுவான மூலதனப் பணிகளுக்கென்று ஒரு பங்கு மேலேயே நிறுத்தப்படும். குடிநீர் வாரியத்துக்கும் மின்வாரியத்துக்கும் இருக்கும் பாக்கிகளும் இந்தப் பணத்தோடு நேர் செய்யப்படுவது உண்டு. ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, எது வந்தது, எது வழியிலேயே கழிந்தது என்று கணக்குப் பார்ப்பது செயல் அலுவலரின் மாதாந்திர வேலைகளில் ஒன்று.

நான்காவது மத்திய நிதிக்குழு மானியம். ஐந்தாவது அம்ருத் (மத்திய அரசின் நகரக் குடிநீர், கழிவுநீர்த் திட்டம்), தூய்மை பாரதம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் என்று பெயர் போட்டு வரும் திட்டப் பணம். கடைசியாகக் கடன்.

மூன்றாவதும் நான்காவதும் மாதச் செலவுக்குத் தரும் பணம் மாதிரி. ஐந்தாவது, தீபாவளிக்கு ஒரு பெரிய டிவி வாங்கித் தருவது மாதிரி. டிவிக்கு ஆகும் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மத்திய நிதிக்குழு மானியத்தை எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்யலாமா?

முடியாது. என்.கே. சிங் தலைமையிலான 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கு அதில் 40 சதவீதம் கட்டில்லாத பணம். சம்பளம், நிர்வாகச் செலவு நீங்கலாக ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவிடலாம். மீதி 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற பெரிய நகரப் பகுதிகளுக்குக் கட்டில்லாத பணமே கிடையாது. காற்றின் தரம், தண்ணீர், கழிவு மேலாண்மை ஆகியவற்றில் காட்டும் முன்னேற்றத்தைப் பொறுத்துத்தான்.

நிபந்தனைகளும் உண்டு. தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் போட வேண்டும். சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலம் அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக ஏற வேண்டும். மாநில நிதிக்குழுவை அமைத்து அதன் பரிந்துரைமீது நடவடிக்கை எடுக்காத மாநிலத்துக்கு 2024 மார்ச்சுக்குப் பிறகு பணம் இல்லை.

கணக்கைக் காட்டு என்பது நியாயமான நிபந்தனை. பணத்தை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பது எப்போதும் நியாயமாக இருப்பதில்லை. ஒரு ஊருக்குச் சுடுகாட்டுச் சுற்றுச்சுவரோ ஆட்டிறைச்சிக் கூடமோ அவசரமாக இருக்கலாம். அது டெல்லிக்குத் தெரிய வழியில்லை.

2022-ல் சொத்து வரி ஏறியதே, அதற்கு யார் காரணம்?

எல்லோரும்தான். அந்த ஆண்டு ஏப்ரலில் தமிழக அரசு குடியிருப்புகளுக்கு, பரப்பளவைப் பொறுத்து, 25 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் வரை உயர்த்தியது. 15-வது நிதிக்குழுவின் நிபந்தனையைக் காரணம் காட்டியது. நிபந்தனை இருந்தது உண்மை. ஆனால் உயர்வு அவ்வளவு கனமாக விழுந்ததற்குக் காரணம், சென்னையில் 1998-க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் வரியைச் சீராய்வு செய்யாமல் விட்டது. 2018-ல் உயர்த்தினார்கள், எதிர்ப்பு வந்ததும் 2019-ல் நிறுத்தி வைத்தார்கள்.

மன்றமே துணிந்து வரியை ஏற்றலாம் என்றாலும் கோட்டையிலிருந்து சைகை வராமல் எந்த நகராட்சியும் அதில் கை வைப்பதில்லை. தேர்தல் வருகிறது என்றால் கோட்டை சைகை கொடுக்காது. இதற்கு ஒரே மருந்து, ஆண்டுதோறும் சின்னதாக ஏறும்படி விதியிலேயே எழுதிவிடுவது. இப்போது ஆண்டுக்கு 6 சதவீதம் என்ற அளவில் அதைத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கும் முணுமுணுப்பு இருக்கிறது, இருக்கட்டும். 14 ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதைவிட இது மேல்.

செலவே இல்லாமல் மத்திய அரசு செய்யக்கூடிய உதவி ஏதாவது உண்டா?

இரண்டு உண்டு. முதலாவது தொழில் வரி. அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவுப்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்க முடியாது. இந்த உச்சவரம்பு 1988-ல் 60-வது திருத்தத்தின்போது வைத்தது. அப்போது 250-லிருந்து 2,500 ஆக்கினார்கள். அன்றைக்கு அது ஒரு பெரிய தொகை. இன்று மாதம் இரண்டு லட்சம் வாங்கும் ஐ.டி. ஊழியரும் அரையாண்டுக்கு 1,250 ரூபாய்தான் கட்டுகிறார். தமிழ்நாட்டில் இந்த வரி நேராக உள்ளாட்சிக்குப் போகிறது, அதனால் இழப்பும் உள்ளாட்சிக்குத்தான். நாடாளுமன்றம் ஒரு எண்ணை மாற்றினால் போதும். கருவூலத்திலிருந்து ஒரு பைசா எடுக்க வேண்டாம்.

இரண்டாவது மத்திய அரசுக் கட்டடங்கள். 285-வது பிரிவுப்படி அவற்றுக்குச் சொத்து வரி இல்லை. ரயில்வே காலனி, தபால் நிலையம், மத்திய அரசு அலுவலகங்கள் எல்லாம் இதில் அடங்கும். குப்பையும் சாக்கடையும் தெருவிளக்கும் மட்டும் அவற்றுக்கும் வேண்டும். ராஜ்கோட் மாநகராட்சி தொடர்ந்த வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு ஏற்பாடு ஆனது: பயன்படுத்தும் வசதிகளைப் பொறுத்துச் சொத்து வரியில் 75, 50 அல்லது 33 சதவீதச் சொச்சம் சேவைக் கட்டணமாகக் கட்ட வேண்டும். இதைக் கேட்காமலே உரிய தேதியில் கட்டினால் அதுவே பெரிய உதவி. பெரிய ரயில் சந்திப்பு உள்ள ஊர்களின் வருவாய்ப் பிரிவில் கேட்டுப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்கள்.

ஸ்மார்ட் சிட்டி மாதிரியான திட்டங்களால் நன்மை இல்லையா?

நன்மை இருக்கிறது. 2015 ஜூனில் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்த அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டின் 11 நகரங்கள் இருந்தன. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி, அதற்கு ஈடாக மாநிலமும் உள்ளாட்சியும். தி.நகர் பாண்டி பஜார் நடைபாதையில் 2019-க்குப் பிறகு நிம்மதியாக நடக்க முடிகிறது. கோவையில் உக்கடம் பெரியகுளக் கரையில் மாலையில் கூட்டம் அள்ளுகிறது.

கேள்வி இரண்டு. ஒன்று, இதையெல்லாம் செய்தது மாநகராட்சி மன்றம் இல்லை. ஒவ்வொரு நகரத்திலும் இதற்கென்று தனி கம்பெனி தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் மன்றமே இல்லாததால் இது யாருக்கும் உறுத்தக்கூட இல்லை. இரண்டு, கட்டி முடித்த பிறகு பராமரிப்பு. கண்காணிப்பு கேமரா, எல்.இ.டி. திரை, நீரூற்று, தானியங்கிக் கதவு எல்லாம் திறப்பு விழா அன்று ஜொலிக்கும். மூன்றாம் ஆண்டு மோட்டார் எரிந்தால் மாற்றுவதற்குத் திட்டத்தில் செலவுத் தலைப்பு இருக்காது. பொது நிதியிலிருந்துதான் எடுக்க வேண்டும், அந்தப் பொது நிதிதான் ஏற்கெனவே வற்றிக் கிடக்கிறது.

அதனால் திட்டம் கொடுப்பவர்கள் அதோடு ஐந்து, பத்து ஆண்டுக்கான பராமரிப்புச் செலவையும் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் "இதை நடத்த உன்னிடம் பணம் இருக்கிறதா" என்று முதலிலேயே கேட்டு, இல்லை என்றால் சின்னதாகக் கட்டச் சொல்ல வேண்டும். அம்ருத் 2.0-வில் ஒரு நல்ல அம்சம் உண்டு: ஒரு லட்சம் பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு மத்தியப் பங்கு 50 சதவீதம், பத்து லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் 25 சதவீதம். சிறிய ஊருக்கு அதிகம், பெரிய ஊருக்குக் குறைவு. இப்படித்தான் இருக்க வேண்டும்.

மாநில அரசு அறிவிக்கும் திட்டத்துக்கு மாநகராட்சி செலவு செய்வது சரியா?

அம்மா உணவகத்தைப் பாருங்கள். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கியது. ஒரு ரூபாய்க்கு இட்லி என்றால் நஷ்டம் என்பது தொடங்கும்போதே தெரியும். ஏழைகளுக்குச் சோறு போடும் நல்ல காரியம், அதில் நஷ்டம் வருவதில் தப்பில்லை. ஆனால் அந்த நஷ்டத்தைப் பெரும்பாலும் தாங்கியது மாநகராட்சியின் கல்லா. பெயரும் புகழும் கோட்டைக்கு. அறிவிப்பவர்தான் பணம் தர வேண்டும். இதில் கட்சி வித்தியாசம் எதுவும் இல்லை, எந்த ஆட்சிக்கும் பொருந்தும்.

நகராட்சி கடன் வாங்கலாமா? மேலே இருப்பவர்கள் அதில் என்ன செய்ய முடியும்?

வாங்கலாம். இந்த விஷயத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே வழி காட்டியது, இன்று நம்மூரிலேயே பலருக்கு அது நினைவில் இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1988-ல் உலக வங்கிக் கடனோடு நகராட்சிகளுக்கென்று ஒரு நிதியை மாநில அரசு தொடங்கியது. 1996-ல் அதைத் தனியார் நிதி நிறுவனங்களோடு சேர்ந்து தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமாக மாற்றியது. அந்தச் சமயத்தில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆலந்தூர் தனி நகராட்சி. பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், தெருவுக்குத் தெரு கழிவுநீர் லாரி. 1996-ல் தலைவரான ஆர்.எஸ். பாரதி தலைமையில் மன்றம் பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கையில் எடுத்தது. மதிப்பு சுமார் 34 கோடி. ஒரு நகராட்சியால் தனியாக நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

வீட்டுக்கு 5,000 ரூபாய், கடை போன்றவற்றுக்கு 10,000 ரூபாய் முன்வைப்புத் தொகை என்று முடிவானது. குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசின. குழாய் போடும் முன்பே பணம் கட்டச் சொன்னால் யார் கட்டுவார்கள் என்று கேட்டவர்கள் நிறைய. அந்தப் பணம் தனிக் கணக்கில் போடப்பட்டது. கட்டினார்கள்! மீதிக்கு நகர்ப்புற வளர்ச்சி நிதியமும் மற்ற அரசு நிதி அமைப்புகளும் கடனும் மானியமும் தந்தன. 2000-ல் வேலை தொடங்கியது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்த ஒப்பந்தம் போட்டார்கள். 2011-ல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது.

இதில் மேல் அரசு செய்தது என்ன? திட்டத்தைத் திணிக்கவில்லை. திட்ட அறிக்கை தயாரிக்கவும் ஒப்பந்தப்புள்ளி எழுதவும் நிபுணர்களைக் கொடுத்தது, நீண்ட காலக் கடன் கிடைக்க வழி செய்தது. முடிவு ஊரிலேயே எடுக்கப்பட்டது.

அடுத்த படி 2002-ல். 13 சிறிய நகர்ப்புற உள்ளாட்சிகள் சேர்ந்து குடிநீர், துப்புரவுப் பணிகளுக்காக சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டன. 15 ஆண்டு, 9.2 சதவீத வட்டி. தனித்தனியாகப் போயிருந்தால் சந்தையில் எவரும் சீந்தியிருக்க மாட்டார்கள். கூட்டாகப் போனதும், தவணை தவறினால் அந்த ஊருக்கான பகிர்வு நிதியிலிருந்து பிடித்துக் கட்ட மாநில அரசு ஒப்புக்கொண்டதும், அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி அமைப்பு உத்தரவாதம் தந்ததும் முதலீட்டாளர்களுக்குத் தைரியம் கொடுத்தன. சிறிய ஊர்கள் கூட்டாகக் கடன் பத்திரம் வெளியிட்டது இந்தியாவில் அதுவே முதல் முறை. இதையே ஏன் வழக்கமாக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். மானியம் கிடைக்கும் வரை யாரும் கடனைத் தேடிப் போவதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கும்.

எல்லா ஊருக்கும் எல்லாம் தனித்தனியாக வேண்டுமா?

வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டத்தில் கருங்குழி என்று ஒரு பேரூராட்சி. 2017-ல் அங்கே செப்டிக் டேங்க் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது, தமிழ்நாட்டில் அதற்கென்றே தனியாகக் கட்டிய முதல் நிலையம். பக்கத்திலுள்ள மதுராந்தகம் நகராட்சியின் லாரிகளும் அங்கேதான் வந்து கொட்டுகின்றன. இது இல்லாதபோது இந்த லாரிகள் ஏரிக்கரையிலும் ஓடையிலும் இருட்டில் திறந்துவிட்டுப் போகும், எல்லா ஊரிலும் பார்த்ததுதான்.

பாதாளச் சாக்கடை கட்டுப்படியாகாத ஊர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் எந்த நிலையத்துக்கு எந்த ஊர்களின் லாரி போக வேண்டும், செலவை எப்படிப் பிரிப்பது என்று இரண்டு ஊர்களுக்கு நடுவில் நின்று பேச மேலே ஒருவர் வேண்டும். அதை மாநில அரசு செய்தது. சுற்றியுள்ள ஊர்களைத் தொகுப்பாகச் சேர்த்து நிலையங்களைத் திட்டமிட்டது. ஒரு ஊரால் தனியாகச் செய்ய முடியாததை மட்டும் மேலே இருப்பவர் செய்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பணம் வந்தாலும் செலவாகாமல் கிடக்கிறதே?

ஆள் இல்லை. மேலே சொன்ன தணிக்கையில், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் சராசரியாக 37 சதவீதம் காலி. ஒரு பொறியாளர் இரண்டு, மூன்று பேரூராட்சிகளைப் பார்ப்பது நம்மிடம் சாதாரணம். அவர் மதிப்பீடு போட்டு, தொழில்நுட்ப அனுமதி வாங்கி, டெண்டர் விட்டு, பட்டியல் எழுதுவதற்குள் மார்ச் வந்துவிடும்.

பணியிடத்தை உருவாக்குவதும் நிரப்புவதும் இடமாற்றுவதும் மாநில அரசின் கையில். நகராட்சியே நினைத்தாலும் ஒரு இளநிலைப் பொறியாளரைச் சேர்த்துக்கொள்ள முடியாது. துப்புரவுப் பணியில் அவுட்சோர்சிங் வந்துவிட்டது; அதன் வலி 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்தபோது தெரிந்தது. பணம் தருகிறேன், ஆள் தர மாட்டேன் என்பது பாதி உதவிகூட இல்லை.

தேர்தலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம். சென்னை மாநகராட்சி 1688-ல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. அதற்கு 1973 முதல் 1996 வரை மன்றமே இல்லை, தனி அலுவலர்தான். 74-வது திருத்தத்துக்குப் பிறகு இப்படி நடக்காது என்று நினைத்தோம். 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. வார்டு வரையறை, வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்து, நகர்ப்புறங்களில் அடுத்த மன்றம் 2022 மார்ச்சில்தான் உட்கார்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது, மாநில அரசு டெல்லிக்கு எழுதிக்கொண்டே இருந்தது.

ஐந்தரை ஆண்டு. மழைநீர் வடிகால் எங்கே வர வேண்டும் என்று கேட்கக்கூட வார்டில் ஆள் இல்லை. இப்போதைய மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. வார்டு வரையறையும் இடஒதுக்கீடும் கடைசி நேரத்தில் தொடங்கினால் வழக்கு நிச்சயம் வரும்.

கேரளாவில் நன்றாக நடக்கிறது என்கிறார்களே?

முழுக்கச் சொர்க்கம் இல்லை. கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு 2023 மார்ச்சில் பற்றி எரிந்ததை மறக்க வேண்டாம். ஆனால் 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, பட்ஜெட்டோடு வெளிவரும் நான்காம் பின்னிணைப்பு. ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் இந்த ஆண்டு எவ்வளவு என்று பெயர் போட்டு அச்சிட்டிருக்கும். தலைவர் அமைச்சர் வீட்டு வாசலில் நிற்க வேண்டாம். ஆளுங்கட்சி வார்டா, எதிர்க்கட்சி வார்டா என்ற பேச்சுக்கும் இடம் குறைவு.

எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கப் போகிறார்களாம். நல்லதா?

இணைந்தால் கிராமப்புற வேலை உறுதித் திட்டம் உங்களுக்கு இல்லை; அது ஊரகப் பகுதிக்கு மட்டும். சொத்து வரி ஏறும். சாலையும் விளக்கும் மேம்படலாம், ஆனால் உடனே இல்லை. இணைப்பில் தவறில்லை, அவசரத்தில்தான் தவறு. இணைத்த அன்றே மாநகர வரியைப் போடாமல், வசதி வந்த பிறகு படிப்படியாக ஏற்றுவதற்கு அரசு எழுத்தில் உறுதி தர வேண்டும். கிராமசபைத் தீர்மானத்தில் அதைக் கேளுங்கள்.

சாதாரண ஆள் நான். என்ன பார்க்கலாம், எங்கே கேட்கலாம்?

உங்கள் நகராட்சியின் தணிக்கை செய்த கணக்கு மத்திய அரசின் சிட்டிஃபைனான்ஸ் இணையதளத்தில் இருக்க வேண்டும். அதில் சொந்த வருமானம் எவ்வளவு, மானியம் எவ்வளவு, சம்பளம் போக மிச்சம் எவ்வளவு என்று மூன்று எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதை எடுத்துக்கொண்டு பகுதி சபாவுக்குப் போங்கள்; வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம் அது. தமிழ்நாட்டில் நகரங்களுக்கான வார்டு குழு, பகுதி சபா விதிகள் 2022-ல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபாவில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். பிறகு பல ஊர்களில் அது பெயருக்கு நடக்கிறது, சில இடங்களில் நடப்பதே இல்லை. உங்கள் பகுதியில் கூட்ட அறிவிப்பு வரவில்லையென்றால் கவுன்சிலரிடம் கேளுங்கள், வார்டு குழுவின் தலைவர் அவர்தான். போனால் "ஃபண்டு இல்லை" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். எந்த ஃபண்டு, எந்தத் தேதியில் கேட்டு எழுதினீர்கள், அந்தக் கடிதம் இப்போது யார் மேஜையில் இருக்கிறது என்று கேட்டு, பதிலைக் கூட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.